குழைவும் கலங்கலும்

எந்தக் கலையைப் பயில்வோர்க்கும் இருவகை இடையூறுகள் உண்டு. ஒன்று, கலை கைக்கு வாராமை. மற்றொன்று, அது மிக விரைவில் கைக்கு வந்துவிட்டதாகத் தோன்றுதல். முன்னதை முயற்சியால் வெல்லலாம். பின்னதை வெல்வதற்கு நல்லாசிரியனும் நடுநிலையான திறனாய்வும் வேண்டும். தைல வண்ண ஓவியத்தில் நிறத்தோடு நிறத்தை மென்மையாகக் குழைத்துச் சேர்க்கும் நுட்பம் இந்த இரண்டாவது இடையூற்றுக்கு ஏற்றதொரு சான்றாகும்.

உடுமலைப்பேட்டையிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பள்ளிப் பிள்ளைகள் பலர் இன்று தைல வண்ணம் பயில்கின்றனர். சிலர் ஆசிரியரிடம் கற்கின்றனர். பலர் கைப்பேசித் திரையைப் பார்த்தே கற்கின்றனர். இரண்டு நிறங்களை அருகருகே பூசி, விசிறி போன்ற தூரிகை ஒன்றால் நாலைந்து முறை வருடியவுடன் எல்லைக்கோடு மறைந்து, பார்ப்போர் வியக்கும் வழவழப்பு உண்டாவதைத் திரை காட்டுகிறது. பிள்ளையும் அவ்வாறே செய்கிறது. அத்தாவும் அம்மாவும் படத்தைச் சட்டமிட்டு மாட்டி, வருவோரிடமெல்லாம் காட்டி மகிழ்கின்றனர். அப்படத்தில் மூக்கு எங்கே தொடங்கிக் கன்னம் எங்கே முடிகின்றது என்பது விளங்குவதில்லை. கூசாவின் கழுத்தும் அதன் பின்னுள்ள சுவரும் ஒன்றாய்ப் போயிருக்கும். ஆயினும், “எவ்வளவு மென்மை!” என்னும் பாராட்டுக்குக் குறைவில்லை. இது மென்மைதானா என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் வினா.

எண்ணெயின் இயல்பு

தைல வண்ணம் என்பது நிறப்பொடியை உலரும் தன்மையுள்ள எண்ணெயில் அரைத்த குழம்பு. எல்லா எண்ணெயும் இதற்கு ஆகாது. நம் செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெயைப் பலகையில் தடவினால் பல நாளாயினும் பிசுபிசுப்பாகவே இருக்கும். ஆளிவிதை எண்ணெயோ காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று மெல்ல மெல்ல இறுகி, ஒரு தோல்போல் ஆகிவிடும். நீர் வண்ணத்தில் நீர் ஆவியாகி மறைவதுபோல் இங்கே எதுவும் மறைவதில்லை. எண்ணெய் உருமாறி நிறத்தைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்கிறது. இம்மாற்றத்துக்கு நாள்கணக்கில் ஆகும். அந்தத் தாமதந்தான் ஓவியனுக்குக் கிடைத்த செல்வம். இட்ட நிறம் ஈரமாய் இருக்கும்வரை அதை நகர்த்தலாம், நெகிழ்க்கலாம், வழித்தெடுத்து மீண்டும் இடலாம். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே நம் பகுதியில் வீசும் காற்று, காற்றாலைகளைச் சுழற்றுவதோடு உலராத படங்களின்மேல் புழுதியையும் ஒட்டவைத்துவிடும் என்பதை இவ்வூரில் தைல வண்ணம் தீட்டுவோர் அறிவர்.

இக்கலை ஐரோப்பாவில் பிறந்தது என்பதே நெடுங்கால நம்பிக்கையாக இருந்தது. ஆப்கானிஸ்தானத்தின் பாமியான் குகைச் சுவரோவியங்களை ஆராய்ந்த அறிஞர்கள், அவற்றுள் சிலவற்றில் உலரும் எண்ணெய் கலந்த வண்ணம் இருப்பதை 2008ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவை ஏழாம் நூற்றாண்டைச் சார்ந்தவை. எனினும் எண்ணெயின் தாமதத்தைப் பயன்படுத்தி ஒளியையும் நிழலையும் ஒன்றுள் ஒன்றாக நெகிழவிடும் முறையை முழுமைக்குக் கொணர்ந்தவர்கள் ஐரோப்பிய ஓவியரே. இத்தாலிய ஓவியர் லியனார்டோ டா வின்சி கையாண்ட முறைக்கு ‘ஸ்ஃபுமாட்டோ’ என்று பெயர். புகை என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்தது அது. அவருடைய மோனாலிசா உள்ளிட்ட படங்களை ஊடுகதிர் கொண்டு ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர்கள், முகத்து நிழல்கள் மிக மெல்லிய பல பூச்சுகளால் ஆனவை என்பதை 2010இல் அறிவித்தனர். பூச்சுகள் அனைத்தும் சேர்ந்தும் ஒரு மில்லிமீட்டரில் இருபத்தைந்தில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. புகை என்று பெயர் பெற்ற அந்த மென்மை தேய்த்துப் பெற்றதன்று. ஒரு பூச்சு உலரக் காத்திருந்து, அதன்மேல் மற்றொன்று இட்டுப் பொறுமையால் பெற்றது. பெயரில் உள்ள புகையை மட்டும் எடுத்துக்கொண்டு பொறுமையை விட்டுவிட்டதுதான் இன்றைய பயிற்சியின் குறை.

ஓதற்கலையில் ஓர் ஒப்புமை

மென்கலப்பின் இலக்கணத்தை விளக்க, நம் வீட்டுப் பிள்ளைகள் அனைவரும் மதரஸாவில் பயின்ற ஒரு பாடத்தை ஈண்டு நினைவூட்டலாம். தஜ்வீது கலையில் நூன் ஸாகினும் தன்வீனும் அடுத்துவரும் எழுத்தைச் சந்திக்கும்போது நால்வகை நிலை உண்டு. தொண்டையில் பிறக்கும் ஆறு எழுத்துகளின் முன் அது தெளிவாக ஒலிக்கும், இது இள்ஹார். வேறு ஆறு எழுத்துகளோடு அது கலந்துவிடும், இது இத்காம். ஓர் எழுத்தின் முன் மீமாக மாறும், இது இக்லாப். எஞ்சிய பதினைந்தின் முன் மறைந்தும் மறையாமலும் நிற்கும், இது இக்ஃபா. கலக்கும் ஆறனுள்ளும் நான்கில் மூக்கொலியாகிய குன்னா நிலைத்திருக்கும். லாமிலும் ராவிலும் அதுவும் இராது.

இவ்வமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. கலக்கும் எழுத்தே வந்தபோதிலும், இரண்டும் ஒரே சொல்லுக்குள் நின்றால் கலத்தல் கூடாது. ‘துன்யா’ என்னும் சொல்லில் நூனை அடுத்து யா வருகிறது; ஆயினும் அங்கே நூன் தெளிவாகவே ஒலிக்க வேண்டும். கலந்தால் சொல்லின் உருவம் கெட்டு, மூலம் விளங்காமற் போய்விடும் என்பது அறிஞர் கூறும் காரணம். நாவுக்கு எளிது என்பதற்காக எங்கும் கலந்துவிடுதல் இனிய ஓதலாகாது. அது பிழையான ஓதல். ஒவ்வோர் எழுத்துக்கும் அதன் ஹக்கையும் அதற்குச் சேர வேண்டியதையும் வழங்குவதே தஜ்வீது என்று நம் உஸ்தாதுமார் இலக்கணம் கூறினர்.

தமிழ் இலக்கணமும் இதையே வேறு வாயிலாகக் காட்டுகிறது. பொன்னும் குடமும் புணர்ந்து பொற்குடமாகின்றன. மரமும் வேரும் புணர்ந்து மரவேராகின்றன. பூவும் கொடியும் புணரும்போது பூங்கொடி என ஓர் எழுத்துத் தோன்றுகிறது. திரிதலோ கெடுதலோ தோன்றலோ, எதுவாயினும் புணர்ச்சிக்குப் பின்னும் இரு சொற்களையும் இனங்கண்டு பிரித்தெடுக்க இயலும். இயலாதவாறு சேர்ந்தால் அதைப் புணர்ச்சி என்று யாரும் சொல்வதில்லை.

ஓவியத்துக்கும் இதுவே நீதி. ஒரு முட்டையைச் சன்னலருகே வைத்துப் பாருங்கள். ஒளி விழும் பகுதி, இடைநிறம், ஆழ்ந்த நிழல், கீழுள்ள துணியிலிருந்து திரும்பி வரும் மங்கிய ஒளி, துணிமேல் விழும் நிழல் என ஐந்து நிலைகள் தெரியும். ஒளியிலிருந்து நிழலுக்குச் செல்லும் வளைவில் எல்லை மெல்ல நெகிழ்கிறது, அது இக்ஃபா. நிழற்பக்கம் இருண்ட பின்புலத்தோடு சேருமிடத்தில் எல்லையே மறைகிறது, அது இத்காம். ஒளிப்பக்கம் இருண்ட பின்புலத்தைச் சந்திக்குமிடத்தில் எல்லை கூர்மையாக நிற்கிறது; அது இள்ஹார். துணிமேல் விழும் நிழலோ, முட்டை தொடுமிடத்தில் கூர்மையாகத் தொடங்கி, விலக விலக நெகிழ்ந்து செல்கிறது. ஒரு முட்டைக்குள்ளேயே இத்தனை சட்டங்கள்!

நிழலின் இத்தகைய இயல்புகளை ஆராய்ந்து தனிநூல் இயற்றியவர் பஸராவில் 965ஆம் ஆண்டளவில் பிறந்த இப்னுல் ஹைதம் (ரஹ்). அவருடைய ‘கிதாபுல் மனாளிர்’ என்னும் பெருநூலில், கண் அறியும் பண்புகளை இருபத்திரண்டாகப் பகுக்கிறார். ஒளியும் நிறமும் நிழலும் இருளும் அவற்றுள் அடங்கும். ‘பிரிந்திருத்தல்’, ‘தொடர்ந்திருத்தல்’ ஆகிய இரண்டையும் அவர் தனித்தனிப் பண்புகளாக எண்ணியது நம் ஆய்வுக்கு மிகப் பொருத்தமானது. கண் தொடர்ச்சியை மட்டும் நாடுவதன்று; பிரிவையும் நாடுகிறது. பிரிவு முற்றும் அழிந்த படத்தில் கண் பற்றி நிற்க இடமின்றித் தவிக்கிறது.

கையின் முறை

இலக்கணம் இதுவானால், செய்முறை எங்ஙனம்? ஒளியின் நிறத்தையும் நிழலின் நிறத்தையும் மட்டும் கித்தானில் இட்டு, நடுவில் தேய்த்து இடைநிறத்தைப் பெற முயல்வது தொடக்கநிலையோர் வழக்கம். இடைநிறம் அவ்வாறு பிறக்காது. அது தனக்கென ஒரு சாயல் உடையது. வண்ணத்தட்டிலேயே முறையாகக் கலந்து, தன் இடத்தில் தனியே இடப்பெற வேண்டும். வெண்மையும் கருமையும் தேய்ந்து உண்டாகும் சாம்பல்நிறம் மனித மேனிக்கோ பித்தளைக்கோ பொருந்துவதில்லை.

மூன்று நிறங்களும் பட்டை பட்டையாய் அருகருகே நின்றபின், உலர்ந்த தூய தூரிகையால் எல்லையின் குறுக்கே இலேசாகச் செல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் தூரிகையைத் துணியில் துடைக்க வேண்டும். துடைக்காத தூரிகை ஒளியின் வெண்மையை நிழலுக்குள்ளும், நிழலின் கருமையை ஒளிக்குள்ளும் சுமந்து சென்று இரண்டையும் கலக்கிவிடும். இறுதியில் பொருளின் வளைவு எத்திசையில் செல்கிறதோ அத்திசையில் ஓரிரு முறை வருடி நிறுத்த வேண்டும். நிறுத்துதல் இக்கலையின் பாதி. மேலும் மெல்லிய பூச்சுகள் வேண்டுமாயின், கீழ்ப்பூச்சு உலரும்வரை காத்திருக்க வேண்டும். எண்ணெய் குறைந்த பூச்சு கீழும், எண்ணெய் மிகுந்த பூச்சு மேலும் அமைய வேண்டும். முறை மாறினால் மேற்பூச்சு முந்தி இறுகிக் காலப்போக்கில் வெடிப்புக் காணும்.

குழைவுக்கும் கலங்கலுக்கும் உள்ள வேறுபாடு இங்கேயே தோன்றுகிறது. நிறங்கள் தத்தம் இடத்தில் நின்று எல்லையில் மட்டும் இணங்குவது குழைவு. இடமும் சாயலும் இழந்து ஒன்றையொன்று அழிப்பது கலங்கல். காண்போர்க்கு இரண்டும் முதற்பார்வையில் வழவழப்பாகவே தோன்றும். ஆற்று நீர் தெளிந்தும் மெல்லச் செல்லும். கலங்கியும் மெல்லச் செல்லும்.

ரவிவர்மா கற்ற விதம்

தென்னாட்டில் தைல வண்ணத்தைப் பயின்று பெரும்புகழ் எய்தியவர் கிளிமானூரில் 1848இல் பிறந்த ரவிவர்மா. பதினான்கு வயதில், 1862இல் திருவனந்தபுரம் அரண்மனையை அடைந்தார். அங்கே மன்னர் ஆயில்யம் திருநாளின் ஆதரவு கிடைத்தது. ஆசிரியர் மட்டும் கிடைக்கவில்லை. மதுரையைச் சார்ந்த அரண்மனை ஓவியர் ராமசாமி நாயுடு தைல வண்ண நுட்பத்தைச் சொல்லித்தர முன்வரவில்லை என்றும், அவருடைய மாணாக்கர் ஆறுமுகம் பிள்ளை மறைவாக வந்து உதவினார் என்றும் வரலாறு எழுதியோர் கூறுவர். 1868இல் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தபோது, அவரும் கற்பிக்க இசையவில்லை. தாம் வரையும்போது அருகிருந்து பார்க்க மட்டும் இசைந்தார்.

இக்கதையை ஆசிரியர்களின் பொறாமைக்குச் சான்றாகவே பலரும் கூறுகின்றனர். அது இருக்கட்டும். பயில்வோர் கொள்ள வேண்டிய பாடம் வேறொன்று உண்டு. அருகிருந்து பார்க்க மட்டும் இசைவு பெற்ற இளைஞன் வரையும் கையைத் தொடக்கமுதல் முடிவுவரை பார்த்தான். இரண்டு நாள் தொடாமல் விட்ட இடத்தையும், வழித்தெடுத்த இடத்தையும், கூர்மையாகவே விடப்பெற்ற விளிம்பையும் பார்த்தான். இன்று நம் பிள்ளைகள் காணும் திரையில் அந்த இரண்டு நாள் வெட்டி நீக்கப்பட்டுவிடுகிறது. தூரிகை வருடும் கணம் மட்டும் எஞ்சுகிறது. ரவிவர்மாவுக்கு விளக்கம் மறுக்கப்பட்டது, காலம் வழங்கப்பட்டது. நம் பிள்ளைகளுக்கு விளக்கம் தாராளமாக வழங்கப்படுகிறது, காலம் மறுக்கப்படுகிறது. இரண்டனுள் எது பெரிய இழப்பு என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம்.

மைசூரில் இரு படங்கள்

மைசூர் ஜகன்மோகன் அரண்மனைக் காட்சிக்கூடத்துக்கு நம்மில் பலர் சுற்றுலா சென்றிருப்பர். அங்குள்ள இரு படங்களை ஒப்புநோக்கினால் நம் வினாவுக்கு விடை கிட்டும்.

முதலாவது, ரவிவர்மா 1889இல் தீட்டிய ‘இசைவாணியர் கூட்டம்’ என்னும் தைல வண்ணப் படம். இந்தியாவின் பல பகுதிகளையும் சமூகங்களையும் சார்ந்த பதினொரு பெண்கள் குழுமியிருக்கின்றனர். முஸ்லிம் பெண்ணும் அவர்களுள் உண்டு. பட்டின் மடிப்பு, சரிகையின் மினுக்கம், இசைக்கருவியின் மர வழவழப்பு ஆகியவற்றுக்கு அவர் தூரிகை அளித்துள்ள வேறுபாடுகள் போற்றத்தக்கவை. பட்டின் மடிப்பு முறியுமிடத்தில் விளிம்பைக் கூர்மையாக விட்டு, அது தளருமிடத்தில் நெகிழ்த்தியிருக்கிறார். துணிக்கு அதன் ஹக்கு முழுமையாகக் கிடைத்திருக்கிறது.

முகங்களுக்கு வருவோம். உடையை மறைத்துவிட்டு முகங்களை மட்டும் நோக்கினால், இவர் இன்ன நாட்டார் என்று சொல்வது அரிது. ஒரே வகைக் கன்னக்குழைவு, ஒரே வகை விழி, ஒரே வகை மேனிப் பளபளப்பு. பல நாட்டு மங்கையரைக் காட்ட வந்த படத்தில், வேறுபாடு நெசவாளனின் பொறுப்பாகவும் ஒற்றுமை ஓவியனின் பொறுப்பாகவும் ஆகிவிட்டது. இந்திய மக்களை ஒரே குடும்பமாகக் காண விழைந்த நோக்கம் உயர்ந்ததுதான். ஆனால் முகத்தின் தனித்தன்மையைக் கரைத்துப் பெறும் ஒற்றுமை ஒற்றுமையாகாது. ஒரே சொல்லுக்குள் கலத்தல் கூடாது என்னும் விதி இங்கே மீறப்பட்டிருக்கிறது.

இரண்டாவது படம், எஸ். எல். ஹல்தன்கர் 1945, 46ஆம் ஆண்டுகளில் தீட்டிய ‘நம்பிக்கையின் ஒளி’. ஒரு பெண் விளக்கேந்தி, மறு கையால் சுடரைக் காத்து நிற்கிறாள். தம் மகளையே முன்மாதிரியாக நிறுத்தி ஓவியர் இதைத் தீட்டினார். பலரும் இதை ரவிவர்மாவின் படம் என்றும், தைல வண்ணம் என்றும் எண்ணிச் செல்கின்றனர், இரண்டும் தவறு. இது நீர் வண்ணம். விரைந்து உலர்ந்து, திருத்த இடங்கொடாத ஊடகம் அது. எண்ணெயின் தாமதம் என்னும் செல்வம் இல்லாமலே இத்தனை மென்மை எவ்வாறு வந்தது?

விடை அப்பெண்ணின் விரல்களில் உள்ளது. சுடரொளி விரல்களின் ஊடே பாய்ந்து செம்மை காட்டுகிறது. அந்த விரல்கள் தெளிவாக, ஐயமற நிற்கின்றன. அவ்விரல்கள் அங்ஙனம் நிற்பதனால்தான் சேலையும் முதுகுப்புறமும் இருளுள் நெகிழ்ந்து செல்வதை நம் கண் மென்மையாக உணர்கிறது. ஓரிடத்துத் தெளிவே மற்றோரிடத்துக் குழைவுக்கு உயிர் கொடுக்கிறது. ஆகவே மென்மை எண்ணெயிலும் இல்லை, விசிறித் தூரிகையிலும் இல்லை; எதை நெகிழ்ப்பது, எதை நிறுத்துவது என்னும் தேர்ச்சியில் உள்ளது என்று துணிந்து கூறலாம்.

வழவழப்பும் மேனி நிறமும்

இதுவரை கூறியது ஓவியர்க்கு உரிய செய்தி மட்டும் என்று குடும்பத்தார் கருத வேண்டா. இதில் நம் இல்லங்களைத் தொடும் ஒரு கேடும் உண்டு.

ரவிவர்மா 1894இல் பம்பாயில் கல்லச்சுக்கூடம் ஒன்றை நிறுவினார். அதன் வழியே தைல வண்ணப் படங்கள் மலிவு விலைத் தாள்களாய் நாடெங்கும் பரவின. கல்லச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக்கல் வேண்டும். நிற மாற்றம் நுண்புள்ளிகளால் காட்டப்பெறும். தைல வண்ணத்தில் இருந்த நுட்பமான இடைநிறங்கள் பல அங்கே உதிர்ந்துபோயின. எஞ்சியது பொதுவானதொரு வழவழப்பு. பின்னர் வந்த நாட்காட்டிப் படங்கள் அந்த வழவழப்பையே இலக்கணமாகக் கொண்டன. மேனி வெளுத்தது, கன்னம் சிவந்தது, நிழல் மறைந்தது. நம் தமிழ்நாட்டுச் சுவர்களில் மூன்று நான்கு தலைமுறையாகத் தொங்கிய ‘அழகி’, நம் வீட்டுப் பெண்கள் எவரையும் ஒத்தவளாக இல்லை. அழகென்றால் வெண்மை, மென்மையென்றால் நிழலின்மை என்னும் எண்ணம் கண்வழியே புகுந்து மனத்தில் அமர்ந்தது. பெண் பார்க்கச் செல்வோர் நிறம் கேட்கும் வழக்கம் நம்மிடையேயும் இருக்கிறது என்பதை மறைத்துப் பயனில்லை. அவ்வழக்கத்துக்கு இப்படங்கள் மட்டுமே காரணமாகா. ஆயினும் அவை தம் பங்கைச் செய்தன.

இந்நிலையில் ஓவியர் இளையராஜாவின் பணியை நன்றியோடு குறிப்பிட வேண்டும். கும்பகோணத்தை அடுத்த செம்பியவரம்பலில் பிறந்து, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் பயின்றவர் அவர். 2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கொரோனா நோய்க்கு இளம் வயதிலேயே பலியானார். கிராமத்துப் பெண்கள், பழைய வீடுகளின் தூண்கள், கதவிடுக்கில் நுழையும் வெயில் ஆகியவை அவருடைய தைல வண்ணப் படங்களின் பொருள். இதழ்களில் அவை வெளிவந்தபோது மக்கள் வியந்து கூறியது, “அப்படியே போட்டோ மாதிரி இருக்கிறது” என்பதே. அன்பால் எழுந்த பாராட்டு அது. எனினும் அவருக்கு முழு நீதி செய்யும் பாராட்டன்று.

காரணம் கூறுவேன். கருமேனியில் ஒளி விழும் முறை வெண்மேனியில் விழும் முறையினின்றும் வேறானது. வெண்மேனி தன் பரப்பு முழுவதிலும் ஒளியைச் சிதறச் செய்வதால் அங்கே மாற்றங்கள் மெல்லியவை. கருமேனி ஒளியின் பெரும்பகுதியை உள்வாங்கிக்கொள்கிறது. ஆகவே நெற்றியிலும் மூக்கின் நுனியிலும் தோள் மூட்டிலும் பட்டு மீளும் ஒளித்துளிகள் தனித்து, ஓரளவு கூர்மையுடன் மின்னுகின்றன. வெண்மேனிக்கென எழுதப்பட்ட ஐரோப்பியப் பயிற்சி நூலின் முறையில் அவற்றையும் தேய்த்துவிட்டால், கருமேனி உயிரிழந்து சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும். நிழலுக்குக் கருப்பைச் சேர்த்தாலோ கரி பூசியதுபோல் ஆகும். எரித்த மண்ணின் பழுப்பும் ஆழ்ந்த நீலமும் சேர்ந்த இருளே அங்கே பொருந்தும். இளையராஜாவின் படங்களில் கருமேனி வெளுக்கவும் இல்லை, கரியாகவும் இல்லை. வெயில் பட்ட இடம் வெயிலாகவும், நிழலில் நின்ற இடம் வெதுவெதுப்பான பழுப்பாகவும் நிற்கின்றன. நிறத்துக்கு அதன் உரிமையை வழங்கிய தூரிகை அது. புகைப்படக் கருவி தான் கண்டதையெல்லாம் ஏற்கும்; ஓவியர் ஒவ்வொரு விளிம்பையும் தாமே தீர்மானித்தார்.

அவரிடமும் குறை காணலாம். அவர் காட்டும் கிராமத்தில் வறுமையின் வடு அரிது. தூணும் திண்ணையும் அழகியதோர் ஏக்கத்தில் தோய்ந்தே நிற்கின்றன. பொருளைத் தேர்ந்ததில் ஒரு குழைவு மிகுந்துவிட்டது எனலாம். ஆயினும் மேனி நிறத்தில் அவர் காத்த நேர்மை தமிழ் ஓவிய வரலாற்றில் நிலைக்கத் தக்கது.

நம் பிள்ளைகளுக்கு

உயிருள்ளவற்றின் உருவத்தை வரைதல் குறித்து நம் மார்க்க அறிஞரிடையே நெடிய ஆய்வுகள் உண்டு. பெரும்பான்மையோர் அதை விலக்கியே உரைத்துள்ளனர். அதில் தீர்ப்புரைக்கும் இடம் இதுவன்று. முகங்களைப் பற்றி ஏன் இவ்வளவு பேசினாய் என்று வினவுவோர்க்கு ஒன்று சொல்வேன்: வரைவதும் வரையாதிருப்பதும் நம் தேர்வு, பார்ப்பது அவ்வாறன்று. கடைத்தெருவிலும் பேருந்திலும் கைப்பேசியிலும் வழவழத்த முகங்கள் நம்மைச் சூழ்ந்திருக்கும்போது, அவற்றைப் பகுத்தறியும் பார்வை நம் பிள்ளைகளுக்கு வேண்டும்.

வரைவதற்கோ பரந்த களம் இருக்கிறது. உருவம் வரைந்தே பிழைத்த ஒருவரிடம், மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டிய செய்தியை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. மென்கலப்பைப் பயில அதைவிடச் சிறந்த பாடத்திட்டம் வேறில்லை. வெள்ளைத் துணிமேல் வைத்த முட்டை, மண்பானை, பித்தளைக் கூசா, கத்தரிக்காய் ஆகியவை போதும். மண்பானையில் ஒளி மெல்லப் பரவும். பித்தளையில் துள்ளிக் குதிக்கும். கத்தரிக்காயின் கருநீலத்தில் சன்னலே சிறிய வெண்கட்டமாய்த் தெரியும். மூன்றுக்கும் ஒரே வகைத் தேய்ப்பு ஆகாது என்பதைப் பிள்ளை ஒரே வாரத்தில் உணரும்.

பின்னர்த் தெற்கே பார்க்கச் சொல்லுங்கள். வயலின் தென்னை தெளிவாக நிற்கும். அதற்கப்பால் கரடு சற்று நெகிழும். திருமூர்த்தி மலை நீலம் பூணும். அதன் பின்னே ஆனைமலைத் தொடர் வானோடு கலந்தும் கலவாமலும் நிற்கும். இடையே நிற்கும் காற்றும் ஈரமும் செய்யும் கலப்பு அது. மழை பெய்து ஓய்ந்த காலையில் அதே மலை கூர்மையாக முன்னே வந்து நிற்பதையும் காணலாம். படைத்தவன் ஒரே மலையை இருவகையாகக் காட்டும்போது, பயில்வோன் ஒரே வருடலில் எல்லா மலையையும் முடித்துவிடலாகாது.

கொங்கு நாட்டார்க்கு இன்னொரு பாடமும் கண்முன் உள்ளது. மயில்கழுத்து நிறப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். நூலோடு நூல் கலப்பதே இல்லை. ஆயினும் தொலைவிலிருந்து காண்போர்க்குப் புதியதோர் நிறம் தோன்றி அலையாடுகிறது. முன்னாளில் திரையரங்கு வாயில்களில் நின்ற பெரிய விளம்பரப் படங்களும் அத்தகையனவே. ஏணிமேல் ஏறி அருகே சென்றால் கன்னத்தில் பச்சையும் ஊதாவும் திட்டுத் திட்டாய் இருக்கும். தெருவின் மறுபுறம் நின்றால் மலர்போன்ற மென்மை. கணினி அச்சு வந்தபின் அக்கலைஞர்கள் தொழிலிழந்தனர். தேய்க்காமலே குழைவு காட்டிய அவர்களுடைய அறிவை எந்தக் கலைப்பள்ளியும் முறையாகத் தொகுத்துப் பாடமாக்கவில்லை என்பது வருந்தத்தக்கது. அவர்களுள் முதியோர் இன்னும் நம் ஊர்களில் வாழ்கின்றனர். பிள்ளைகளை ஒரு நாள் அவர்களிடம் அனுப்பினால், நூறு திரைப்பாடங்கள் தராத ஒன்றைப் பெற்று வருவர்.

ஆகவே பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை படத்தைக் கொண்டு வந்து காட்டும்போது, “எவ்வளவு மென்மை” என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட வேண்டா. “ஒளி எங்கிருந்து வருகிறது? இந்த விளிம்பை ஏன் நெகிழ்த்தாய்? அதை ஏன் விட்டுவைத்தாய்?” என்று கேளுங்கள். விடை சொல்லத் தெரிந்த பிள்ளைக்குக் கலை வரும், இன்ஷா அல்லாஹ். விடை தெரியாத பிள்ளையும் அடுத்த படத்தில் தூரிகையை எடுக்குமுன் ஒரு கணம் நின்று பார்க்கும். அந்த ஒரு கணமே கலங்கலைக் குழைவாக்கும்.